நெட்வொர்க்கிங் லேப் எக்ஸாமுக்கு எப்படித் தயாராகுறது? காரைக்குடி பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கமிருந்து சிஸ்கோ கம்பெனியோட நெட்வொர்க்கிங் சர்டிஃபிகேட்டான சிசிஎன்ஏ (ஆரம்ப நிலை), சிசிஐஇ (உச்ச நிலை) படிக்கிற பசங்களும் பொண்ணுகளும் என்கிட்ட கேட்ட கேள்விகளை இங்க ஒண்ணா எழுதிருக்கேன். காலேஜ்ல படிக்கிறவுக, சிசிடிவி கடையில வேலை பாக்குறவுக, கல்யாணத்துக்கு அப்புறம் மறுபடி வேலைக்குப் போக நினைக்கிறவுகன்னு எல்லாரும் கலந்து கேட்டது, அதனால வரிசை முன்னப்பின்ன இருக்கும்.

அண்ணே, இது கையால செஞ்சு காட்டுற எக்ஸாமா, இல்ல ஆப்ஷன் டிக் பண்றதா?

எக்ஸாமைப் பொறுத்தது. சிசிஎன்ஏ, எக்ஸாம் நம்பர் 200-301, மொத்தம் 120 நிமிஷம். அதுல டிக் பண்றது, இழுத்துப் பொருத்துறது இதோட கூட லேப் கேள்வியும் வரும், ஸ்கிரீன்ல ரவுட்டர், ஸ்விட்ச் கன்சோல் தொறந்து இதைச் செய்யின்னு சொல்லும், டைப் பண்ணித்தான் ஆகணும். சிசிஐஇ லேப் முழுசா 8 மணி நேரம், முதல் 3 மணி நேரம் டிசைன், அதுல டிவைஸைத் தொட முடியாது, மீதி 5 மணி நேரம் கன்ஃபிகர் பண்றது, ரிப்பேர் பண்றது. மைக்ரோடிக்ங்கிற இன்னொரு ரவுட்டர் கம்பெனியோட எம்டிசிஎன்ஏ எக்ஸாம் 1 மணி நேரம் 25 கேள்வி, டிக் பண்றதுதான், ஆனா ரவுட்டரைத் தொடாதவனுக்கு அதுவும் கஷ்டம்.

கீழ சொல்றது பெரும்பாலும் சிசிஎன்ஏவை மனசுல வச்சு, கொஞ்சம் அதுக்கு மேலயும்.

வீடியோ கோர்ஸ் முழுசா பாத்து முடிச்சாச்சு, எல்லாம் புரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. லேப்ல உக்காந்தா கை ஓட மாட்டேங்குது. ஏன்?

அதிகமா வர்ற கேள்வி இதுதான். அடுத்தவன் டைப் பண்றதைப் பாக்கும்போது உங்க மூளை எதையும் தேடி எடுக்க வேண்டிய வேலையே இல்ல, எல்லாம் கண்ணு முன்னாடி ஓடுது, தலை ஆட்டினா போதும். எக்ஸாம்ல அப்படியே தலைகீழ், ஒண்ணுமே முன்னாடி இருக்காது, நீங்களா உள்ளேருந்து இழுக்கணும். அந்த இழுக்குற வேலையைப் பழகலன்னா எத்தனை மணி நேரம் பாத்தும் புண்ணியமில்ல. 2006ல ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு மனவியல் ஆராய்ச்சியாளர்கள் இதைப் பரிசோதிச்சுப் பாத்தாங்க. ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்ச பசங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு வச்ச டெஸ்ட்ல நல்லாப் பண்ணாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா, ஒரு தடவை படிச்சிட்டு பேப்பரை மூடி வச்சு ஞாபகத்துலேருந்து எழுதிப் பாத்த பசங்கதான் முன்னாடி நின்னாங்க. உங்களுக்கு நடக்குறதும் அந்த அஞ்சு நிமிஷ சந்தோஷம்தான், வீடியோ முடிஞ்ச உடனே எல்லாம் வர்ற மாதிரி இருக்கும்.

அதனால என்ன பண்ணணும்னா, பத்து நிமிஷ வீடியோ பாத்தா அதை மூடிட்டு காலியான ரவுட்டர்ல அதே விஷயத்தைப் பாக்காம பண்ணுங்க, மாட்டிக்கிட்டா ஒரு ரெண்டு நிமிஷம் மாட்டிக்கிட்டே இருங்க, உடனே போய் வீடியோவைத் தொறக்காதீங்க. அந்த ரெண்டு நிமிஷ அவஸ்தையிலதான் படிப்பு ஏறுது. இன்னொன்னு, எந்த ஷோ கமாண்டை (டிவைஸோட இப்ப நிலைமையைக் காட்டுற கமாண்ட்) அடிக்கிறதுக்கு முன்னாடியும் என்ன வரும்னு வாய்விட்டுச் சொல்லுங்க. "இப்ப ஷோ ஐபி ரூட் அடிச்சா 10.1.3.0 ஓ எழுத்தோட வரும், நெக்ஸ்ட் ஹாப் 10.1.12.2", இப்படி (ஓன்னா ஓஎஸ்பிஎஃப்ங்கிற ரவுட்டிங் முறை மூலமா வந்த ரூட்). நீங்க சொன்னதும் ஸ்கிரீன்ல வந்ததும் வேறயா இருந்தா அங்கதான் உங்களுக்குப் புரியாத இடம் இருக்கு. வீட்ல தனியாப் பேசுறானேன்னு அப்பத்தா கவலைப்படுவாக, படட்டும்.

லேப்னா நெஜ ரவுட்டர் வாங்கணுமா? என்கிட்ட 8 ஜிபி லேப்டாப்தான் இருக்கு.

வேணாம். பாக்கெட் ட்ரேசர்னு லேப்டாப்லயே ரவுட்டர், ஸ்விட்ச் ஓட்டிப் பாக்குற சாஃப்ட்வேர் இருக்கு, சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமில பேர் பதிஞ்சா ஃப்ரீ, 8 ஜிபியில சும்மா ஓடும். சிசிஎன்ஏ அளவுக்கு முக்கால்வாசி வேலைக்கு அது போதும், ஆனா அது நெஜ ஐஓஎஸ் (சிஸ்கோ டிவைஸ்ல ஓடுற சாஃப்ட்வேர்) இல்ல, பாவனைதான், பல கமாண்ட் இருக்காது, அதைத் தெரிஞ்சு யூஸ் பண்ணுங்க. நெஜ சாஃப்ட்வேர் வேணும்னா சிஸ்கோ மாடலிங் லேப்ஸ்ல 5 நோட் வரைக்கும் ஃப்ரீயா ஓட்டலாம். இதே மாதிரி லேப் சாஃப்ட்வேர் ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி ரெண்டும் நல்லதுதான், ஆனா சிஸ்கோ இமேஜ் அதோட வராது, நீங்கதான் முறையா வாங்கிப் போடணும். ராம் கணக்கு பாத்துக்கங்க, ஐஓஎஸ்விங்கிற சின்ன சாஃப்ட்வேர் ரவுட்டர் ஒண்ணுக்கு 512 எம்பி ஒதுக்கினா ஓடும், கேட்டலிஸ்ட் 8000விங்கிற பெரிய சாஃப்ட்வேர் ரவுட்டர் ஒண்ணே 4 ஜிபி கேக்கும். காசே செலவு பண்ணாம ரவுட்டிங் மட்டும் பழகணும்னா லினக்ஸ்ல எஃப்ஆர்ஆர் போடுங்க, 2017ல க்வாகாங்கிற பழைய ரவுட்டிங் சாஃப்ட்வேர்லேருந்து பிரிஞ்சு வந்த ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், கமாண்ட் எல்லாம் சிஸ்கோ சாயல்லதான் இருக்கும்.

செகண்ட் ஹேண்ட்ல பழைய சிஸ்கோ 2960 ஸ்விட்ச் ஒண்ணு மலிவா கிடைச்சா வாங்கி வைங்க. எக்ஸாமுக்குன்னு இல்ல, கன்சோல் கேபிள் சொருகுறது, பாஸ்வேர்ட் ரெக்கவரி பண்றது, லைட்டு ஆரஞ்சுலேருந்து பச்சைக்கு மாற ஸ்பானிங் ட்ரீ (ஸ்விட்ச்சுக்குள்ள லூப் வராம தடுக்குற முறை) அரை நிமிஷம் எடுத்துக்கிறதை நேர்ல பாக்குறது, இதெல்லாம் கைக்கு ஒரு தைரியம் குடுக்கும்.

டோபாலஜி, அதாவது லேப்ல கட்டுற நெட்வொர்க்கோட அமைப்பு, எங்கேருந்து எடுக்கிறது? எல்லா கோர்ஸ்லயும் அதே மூணு ரவுட்டர்தான் வருது.

நம்ம ஊரையே எடுங்களேன். கானாடுகாத்தான்ல ஒரு பழைய வீடு, இப்ப ஹோம்ஸ்டேயா மாத்திருக்காகன்னு வச்சுக்குவோம். முகப்புல ரிசப்ஷன், உள்ள வளவு சுத்தி ரூமெல்லாம் கெஸ்ட்டுக்கு, இரண்டாங்கட்டுல ஸ்டாஃப், பின்கட்டுல சமையல், சுத்தியும் சிசிடிவி. ஒரு தெருவுல வாசல், அடுத்த தெருவுல பின்வாசல்னு நீளும், ஈதர்நெட் காப்பர் கேபிளுக்கு 100 மீட்டர்தான் கணக்கு, கேபிள் சுவரோட வளைஞ்சு போறதையும் சேத்து அளந்தா சில வீட்ல நடுவுல ஒரு ஸ்விட்ச் வைக்காம முடியாது. சுவர் தடிமனைக் கேக்கவே வேணாம், 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் ரெண்டு சுவர் தாண்டுறதுக்குள்ள செத்துரும், முகப்புல ஒரே ஒரு ரவுட்டரை வச்சிட்டு இரண்டாங்கட்டுல வைஃபை வரலன்னு பொலம்புறவுக வீடு எனக்கே நிறையத் தெரியும்.

இப்ப இதுக்கு 192.168.50.0/24ஐப் பிரிங்க. கெஸ்ட்டுக்கு 100 ஐபி வேணும், /25 குடுத்தா 0லேருந்து 127. ஸ்டாஃபுக்கு 25, /27 குடுத்தா 128லேருந்து 159. கேமராவுக்கு 20, இன்னொரு /27, 160லேருந்து 191. மேனேஜ்மெண்டுக்கு 5 டிவைஸும் கேட்வேயும், /29, 192லேருந்து 199. நாலு விலான் (ஒரே ஸ்விட்ச்சுக்குள்ள தனித்தனி நெட்வொர்க்), எல்லா விலானையும் ஒரே கேபிள்ல கொண்டுபோக ஒரு ட்ரங்க், ரவுட்டர்ல சப் இன்டர்ஃபேஸ், தானா ஐபி குடுக்க டிஹெச்சிபி, வெளிய போக நாட் (உள் ஐபியை வெளி ஐபியா மாத்துறது). அப்புறம் கெஸ்ட் யாரும் கேமரா பக்கம் போகக்கூடாதுன்னு ஒரு ஏசிஎல், அதாவது எதை விடுறது எதைத் தடுக்குறதுங்கிற லிஸ்ட். சிசிஎன்ஏ சிலபஸ்ல பாதி இந்த ஒரு வீட்டுக்குள்ளயே முடிஞ்சிரும்.

இதுல ஒரு வேடிக்கை பண்ணிப் பாருங்க. கெஸ்ட் இன்டர்ஃபேஸ்ல உள்ள வர்ற பக்கம் ஏசிஎல் போட்டு, கேமராவுக்குப் போறதை டினை பண்ணிட்டு, அடுத்த வரில பர்மிட் ஐபி எனி எனின்னு போடாம, சோர்ஸ் 192.168.50.0 வைல்ட்கார்டு 0.0.0.127 மட்டும் பர்மிட் பண்ணுங்க. பாக்க ரொம்ப ஒழுங்கா இருக்கும். ஏற்கனவே ஐபி வாங்கின கெஸ்ட்டுக்கு எல்லாம் ஓடும், புதுசா வந்தவருக்கு மட்டும் ஐபியே கிடைக்காது. காரணம், டிஹெச்சிபி டிஸ்கவர் பாக்கெட் 0.0.0.0ங்கிற சோர்ஸ்லேருந்து கிளம்புது, அது உங்க பர்மிட் வரில மாட்டாம கடைசில கண்ணுக்குத் தெரியாம நிக்கிற டினைல போய் விழுது. இதை ஒரு தடவை நீங்களே உண்டாக்கி நீங்களே கண்டுபிடிச்சா ஏசிஎல்லும் டிஹெச்சிபியும் சேந்து மண்டையில நிக்கும், தனித்தனியா படிச்சா நிக்காது.

சப்நெட்டிங் தெரியும், ஆனா வேகம் வரல.

பைனரில எழுதிப் போட்டுக்கிட்டு இருந்தா வேகம் வராது, ஆரம்பத்துல புரியிறதுக்கு மட்டும் அது. அப்புறம் ப்ளாக் சைஸ் கணக்குக்கு வாங்க. 172.16.45.200/21னு குடுத்தா, 21 மூணாவது ஆக்டெட்ல விழுது, மாஸ்க் அங்க 248, 256ல 248 போனா 8. எட்டு எட்டா தாவுங்க, 40, 48. 45 அந்த 40க்கும் 48க்கும் நடுவுல, அதனால நெட்வொர்க் 172.16.40.0, பிராட்காஸ்ட் 172.16.47.255, ஹோஸ்ட் 2046, வைல்ட்கார்டு 0.0.7.255. அவ்வளவுதான், இருபது செகண்டுக்குள்ள வரணும்.

தினம் காலைல காபி ஆறுறதுக்குள்ள பேப்பர்ல பத்து கணக்கு, கால்குலேட்டர் கிடையாது. எக்ஸாம் சென்டர்ல அழிச்சு எழுதுற போர்டும் மார்க்கரும் தருவாங்க, அதனால கையால எழுதியே பழகுங்க. 128, 192, 224, 240, 248, 252, 254, 255 இந்த வரிசையை எக்ஸாம் ஆரம்பிச்ச உடனே போர்டு மூலையில எழுதி வச்சுக்குறவங்க இருக்காங்க, நல்ல பழக்கம்.

கமாண்ட் எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமா?

தனித்தனி வரியா மனப்பாடம் பண்ணா எக்ஸாம் ஹாலோட போயிரும். ஒவ்வொரு கன்ஃபிக் கமாண்டையும் ஒரு ஷோ கமாண்டோட ஜோடி சேருங்க, அந்த ஷோ அவுட்புட்ல எந்த வரியைப் பாக்கணும்ங்கிறதையும் சேத்து. ட்ரங்க் போட்டீங்களா, ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க், அதுல நேட்டிவ் விலான் ரெண்டு பக்கமும் ஒண்ணா, அலவ்டு லிஸ்ட்ல நம்ம விலான் இருக்கா. ஓஎஸ்பிஎஃப் போட்டீங்களா, ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர், ஸ்டேட் ஃபுல்லா நிக்கிதா. ஈதர்சேனல்னா (ரெண்டு மூணு கேபிளை ஒண்ணா சேக்குறது) ஷோ ஈதர்சேனல் சம்மரி, போர்ட் பக்கத்துல சேந்திருச்சுன்னு காட்டுற பி எழுத்து வந்துச்சா. இப்படிப் பழகினா கன்ஃபிக் மறந்தாலும் ஷோ பாத்து எது குறையுதுன்னு கண்டுபிடிச்சிரலாம்.

ஒரு கமாண்டை மட்டும் தனியாச் சொல்லணும். ஏற்கனவே ஓடுற ட்ரங்க்ல புதுசா விலான் 30 சேக்கணும்னா ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்டு விலான் ஆட் 30. அந்த ஆட் விட்டுப்போச்சுன்னா லிஸ்ட்ல 30 மட்டும்தான் மிஞ்சும், மத்த எல்லா விலானும் அந்த ட்ரங்க்ல கட். எக்ஸாம்ல மார்க் போகும், ஆபீஸ்ல ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும்.

எல்லாம் சரியா கன்ஃபிகர் பண்றேன், ஆனா ஏற்கனவே கெட்டுப்போன நெட்வொர்க்கைக் குடுத்தா திணறுறேன்.

ஏன்னா நீங்க கட்டுறதை மட்டும்தான் பழகிருக்கீங்க, உடைச்சுப் பழகல. ஒரு கூட்டாளியைப் பிடிங்க. ரெண்டு பேரும் ஒரே டோபாலஜி ஃபைலை வச்சுக்கங்க, அவன் உங்க ஃபைல்ல மூணு இடத்துல கெடுத்துக் குடுக்கணும், நீங்க அவனுதுல. எங்க கெடுத்தோம்னு ஒரு சீட்டுல எழுதி மடிச்சு வச்சிரணும், முடிஞ்ச பிறகுதான் பிரிக்கணும். கூட்டாளி கிடைக்கலன்னா இன்னைக்கு நீங்களே ஒரு பத்து ஃபைல் கெடுத்து நம்பர் போட்டு வைங்க, ரெண்டு வாரம் கழிச்சு எடுத்தா எதுல என்ன பண்ணோம்னு பாதி மறந்திருக்கும், அது போதும்.

ஓஎஸ்பிஎஃப் ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டா எத்தனை விதமா கெடுக்கலாம்னு பாருங்க. ஏரியா நம்பர் மாறலாம், ஹலோ டைமரை மாத்தலாம், ஈதர்நெட்ல சாதாரணமா 10க்கு டெட் 40, மாஸ்க் மாறலாம், ஆதென்டிகேஷன் ஒரு பக்கம் மட்டும் இருக்கலாம், பேசிவ் இன்டர்ஃபேஸ்னு போட்டு வச்சிருக்கலாம், இதுக்கெல்லாம் நெய்பரே வராது. எம்டியூ (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச சைஸ்) மாறுச்சுன்னா நெய்பர் வரும், ஆனா எக்ஸ்ஸ்டார்ட்லயோ எக்ஸ்சேஞ்ச்லயோ நின்னுக்கிட்டு ஃபுல்லுக்குப் போகாது. எல்லாத்தையும் விட மோசமானது நெட்வொர்க் டைப், ஒரு பக்கம் பிராட்காஸ்ட், இன்னொரு பக்கம் பாயிண்ட் டு பாயிண்ட். டைமர் ரெண்டுக்கும் ஒண்ணுங்கிறதால ஃபுல்லுன்னு சிரிச்ச முகத்தோட நிக்கும், ரூட் மட்டும் டேபிள்ல ஏறாது. நெய்பர் ஃபுல், அப்புறம் என்ன பிரச்சனைன்னு அரை மணி நேரம் வேற எங்கேயோ தேடிக்கிட்டு இருப்பீங்க. இது ஒவ்வொண்ணையும் நீங்களே உண்டாக்கி ஸ்கிரீன்ல என்ன தெரியுதுன்னு பாருங்க, அறிகுறியைப் பாத்த உடனே காரணம் நாலுக்குள்ள சுருங்கணும், அதுதான் பயிற்சியோட பலன்.

தேடுற முறையும் முக்கியம். கண்ட இடத்துல ஷோ ரன் அடிச்சு வரி வரியா படிக்காதீங்க, 5 மணி நேர லேப்ல அது நேரத்தை முழுங்கிரும். பாதையை நடுவுல வெட்டுங்க. பிசிலேருந்து சர்வருக்கு பிங் போகலன்னா நடுவுல இருக்குற ரவுட்டர்லேருந்து ரெண்டு பக்கமும் பிங் பண்ணுங்க, எந்தப் பக்கம் போகலயோ அந்தப் பாதியை மறுபடி வெட்டுங்க. போற வழி சரியா இருந்து திரும்பி வர்ற ரூட் இல்லாம இருக்குறது ரொம்ப சாதாரணம், அதனால சோர்ஸ் குடுத்து பிங் பண்ணிப் பழகுங்க. ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம். மூணு மாத்தி ஓடிருச்சுன்னா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது.

ஒரு நோட்டு போடுங்க. என்ன அறிகுறி, நான் என்ன நினைச்சேன், உண்மையில என்ன, எந்த ஷோ கமாண்ட் முதல்லயே காட்டிக் குடுத்திருக்கும். நம்ம ஊர்ல வட்டிக்கடை பாத்தவுக ராத்திரி ஐந்தொகை போடாம பெட்டியை மூட மாட்டாக, ஒரு ரூபாய் இடிச்சாலும் எங்க இடிக்குதுன்னு கண்டுபிடிச்சிட்டுத்தான் எந்திரிப்பாக. அந்தப் பிடிவாதம் இந்த நோட்டுல இருக்கணும். எக்ஸாமுக்கு முந்தின வாரம் புக் எதையும் தொறக்க வேணாம், இந்த நோட்டு ஒண்ணு போதும்.

வேலைக்குப் போறேன், நைட்டு ஒம்போது மணிக்குத்தான் வீட்டுக்கு வர்றேன். எப்படிப் படிக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எட்டு மணி நேரம் உக்கார்றதை விட வாரத்துல அஞ்சு நாள் ஒரு மணி நேரம் மேல். மறதிங்கிறது முதல் ஒரு நாள்லயே வேகமா விழுகிற சமாச்சாரம், எபிங்ஹாஸ் 1885லயே தன்னையே வச்சு அளந்து எழுதிட்டார், இடைவெளி விட்டு விட்டுத் திரும்பப் பாத்தாத்தான் நிக்கும். களைப்பா இருக்குற நாள்ல புதுசா எதையும் தொடாதீங்க, நேத்து பண்ண லேப்பைப் பாக்காம திரும்ப ஒரு தடவை கட்டுங்க, இருபது நிமிஷத்துல முடிஞ்சிரும். புதுப் பாடம் காலைல. ஞாயித்துக்கிழமை நீளமான லேப்.

இன்னொன்னு, ஒரு வாரம் முழுக்க விலான், அடுத்த வாரம் முழுக்க ஓஎஸ்பிஎஃப்னு தனித்தனியா போகாதீங்க. ஆரம்பிக்கும்போது சரி, பிறகு கலந்துருங்க. எக்ஸாம்ல கேள்வி இது எந்தப் பாடம்னு தலைப்பு போட்டு வராது.

மாசி பங்குனித் திருவிழா, வீட்ல கல்யாணம், சொந்தக்காரவுக வரத்து, இந்த மாதிரி நாளையெல்லாம் காலண்டர்ல முன்னாடியே அடிச்சிட்டுத் திட்டம் போடுங்க. அந்த நாள்ல படிப்பேன்னு சொல்றது உங்களையே ஏமாத்துறது, சப்நெட்டிங் பத்து கணக்கு மட்டும் விடாம வச்சுக்கங்க.

ஃப்ளாஷ்கார்டு போடலாமா?

போடலாம், ஆன்கி ஃப்ரீதான். ஆனா எதுக்குன்னு தெரிஞ்சு போடுங்க. அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ், அதாவது எந்த முறையில வந்த ரூட்டை முதல்ல நம்புறதுங்கிற நம்பர் (கனெக்டட் 0, ஸ்டாடிக் 1, வெளி பிஜிபி 20, ஈஐஜிஆர்பி 90, ஓஎஸ்பிஎஃப் 110, ரிப் 120, உள் பிஜிபி 200), ஸ்பானிங் ட்ரீ ப்ரையாரிட்டி 32768, அது 4096 மடங்காத்தான் மாறும், போர்ட் நம்பர், ஓஎஸ்பிஎஃப் ஸ்டேட் வரிசை, இந்த மாதிரி சுருக்கமா பதில் வர்றதுக்கு கார்டு நல்லா வேலை செய்யும். கன்ஃபிகரேஷனை கார்டுல போடாதீங்க, அது கீபோர்டுல பழக வேண்டியது. அடுத்தவன் போட்ட ரெண்டாயிரம் கார்டை டவுன்லோட் பண்ணி வச்சிட்டு அதைப் பாத்து மலைச்சு ஆப்பையே டெலீட் பண்றவுகதான் ஜாஸ்தி.

ஆட்டோமேஷன் பகுதி விட்டுரலாமா? எனக்கு ப்ரோகிராமிங் வராது.

சிசிஎன்ஏல அது 10 சதவீதம். ஐபி கனெக்டிவிட்டி 25, நெட்வொர்க் அடிப்படையும் நெட்வொர்க் ஆக்சஸும் ஆளுக்கு 20, செக்யூரிட்டி 15, ஐபி சர்வீசஸ் 10. ஜேசன்ல சுருள் அடைப்பு எங்க, சதுர அடைப்பு எங்க, ரெஸ்ட் ஏபிஐல கெட், போஸ்ட் எதுக்கு, அன்சிபிள் என்ன பண்ணும், கன்ட்ரோலர்னா என்ன, இவ்வளவு பாத்தா போதும், கோடு எழுதச் சொல்ல மாட்டாங்க. ரெண்டு சாயங்காலத்து வேலை, இதுக்குப் பயந்து மார்க்கை விடாதீங்க.

தமிழ் மீடியத்துல படிச்சவன் நான். கேள்வி இங்கிலீஷ்ல இருந்தா புரியுமா?

சிசிஎன்ஏ இங்கிலீஷ்லயும் ஜப்பானிய மொழிலயும்தான் இருக்கு, அதனால இங்கிலீஷ்ல பழகித்தான் ஆகணும். ஆனா அதுக்கு இலக்கிய இங்கிலீஷ் வேண்டாம், கேள்வில ஒரு இருநூறு சொல்லுதான் சுத்திச் சுத்தி வரும். படிக்கும்போது சிஸ்கோ கன்ஃபிகரேஷன் கைடைத் தினம் ஒரு பக்கம் வாசிங்க, கேள்வில "இல்லாதது எது", "கட்டாயம் எது"ங்கிற மாதிரி திருப்புற சொல்லை விரல் வச்சுப் படிக்கப் பழகுங்க. புரிஞ்சதை யாருக்காவது தமிழ்ல சொல்லுங்க. ஏஆர்பி (ஐபியை வச்சு மேக் அட்ரஸைக் கண்டுபிடிக்கிறது) எதுக்குன்னு உங்க ஆத்தாவுக்குப் புரியிற மாதிரி சொல்ல முடிஞ்சா உங்களுக்கு ஏஆர்பி தெரியும், அந்த இடத்துல மீடியம் ஒரு பிரச்சனையே இல்ல.

எக்ஸாம் அன்னைக்கு நேரத்தை எப்படிப் பிரிக்கிறது?

சிசிஎன்ஏல பின்னாடி போக முடியாது, நெக்ஸ்ட் அமுக்கினா அந்தக் கேள்வி போச்சு. அதனால ஒரு கேள்வில மூணு நிமிஷம் தாண்டுதுன்னா இருக்குறதுல நல்லதா ஒண்ணைப் போட்டுட்டு நகருங்க, லேப் கேள்விக்கு மட்டும் கூடுதல் நேரம் வச்சுக்கங்க. லேப் வந்தா முதல்ல கேள்வியை முழுசாப் படிங்க. "விலான் பேர் இதுதான் இருக்கணும்", "டீஃபால்ட் ரூட்டை மாத்தக்கூடாது" இப்படிச் சின்ன நிபந்தனை கடைசி வரில ஒளிஞ்சிருக்கும். செஞ்சு முடிச்சதும் ஷோ போட்டுப் பாருங்க, சேவ் பண்ணச் சொல்லிருந்தா காப்பி ரன் ஸ்டார்ட் மறக்காதீங்க.

பெரிய லேப் எழுதப் போறவுக மொத்தக் கேள்வியையும் முதல்ல ஒரு தடவை வாசிச்சிட்டு எது எதைச் சார்ந்திருக்குன்னு பேப்பர்ல கோடு போட்டுக்கங்க. லேயர் 2 ஓடாம பிஜிபியை நோண்டிப் பிரயோஜனமில்ல. வீட்லயே மாசம் ஒரு தடவையாவது 5 மணி நேரம் போனைத் தூரம் வச்சிட்டு ஒரே மூச்சுல ஒரு மாடல் லேப் போட்டுப் பாருங்க, நாலாவது மணி நேரத்துல மூளை எப்படி மந்தமாகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அறிவு பத்தாம தோக்குறவுகளை விட நாலாவது மணி நேரத்துல சின்ன எழுத்துப் பிழை விட்டுத் தோக்குறவுகதான் ஜாஸ்தின்னு நான் நினைக்கிறேன்.

வீட்லேருந்தே ஆன்லைன்ல எழுதலாமா?

எக்ஸாம் நடத்துற பியர்சன் வியூல அந்த வசதி இருக்கு. வெப்கேம் ஓடிக்கிட்டே இருக்கும், ரூம்ல வேற ஆள் வரக்கூடாது, மேஜை காலியா இருக்கணும், வாய்விட்டுப் படிக்கக்கூடாது. வளவு வீட்ல நாலு குடும்பம் இருக்குற இடத்துல, கதவைத் தட்டி "தம்பி பணியாரம் சாப்பிடுறியா"ன்னு ஆச்சி உள்ள வந்தாக, எக்ஸாம் அங்கயே முடிஞ்சு போகலாம். போதாக்குறைக்கு மாசாந்திரப் பராமரிப்புன்னு காலைல ஒம்போதுக்கு கரண்ட் போகும். என்னைக் கேட்டா மதுரை, திருச்சின்னு எங்க சென்டர்ல தேதி கிடைக்குதோ அங்க போய் எழுதுங்க, ரெண்டும் பஸ்ல ரெண்டு ரெண்டரை மணி நேரம்தான். மத்தியான ஸ்லாட்டா எடுத்தா அதிகாலைல அரக்கப் பறக்கக் கிளம்ப வேண்டியதில்ல. ஐடி கார்டுல இருக்குற பேரும் பதிவு பண்ண பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கான்னு இப்பவே பாத்துருங்க, நம்ம இனிஷியல் விவகாரம் அங்க போய் தலைவலி குடுக்கும்.

டம்ப்ஸ் (கசிஞ்ச எக்ஸாம் கேள்வி பதில்) கிடைக்குது, பாக்கலாமா?

வேணாம். சிஸ்கோ கண்டுபிடிச்சா சர்டிஃபிகேட்டை ரத்து பண்ணும், திரும்ப எழுத விடாமலும் பண்ணும். அதை விடுங்க, இன்டர்வியூல ஒரு லேப்டாப்பை நீட்டி இந்த ட்ரங்க் ஏன் வரலன்னு பாருன்னு சொன்னா டம்ப் வந்து உதவாது.

ஃபெயில் ஆயிட்டா 300 டாலர் போச்சா?

ஆமா, போச்சு, வரி வேற தனி. திரும்ப எழுதக் குறைஞ்சது 5 நாள் காத்திருக்கணும், ஆனா நான் சொல்றது மூணு நாலு வாரமாவது விடுங்க. ஸ்கோர் ரிப்போர்ட்ல பகுதிவாரியா சதவீதம் வரும், அதுல கீழ இருக்குற ரெண்டு பகுதியை மட்டும் எடுத்து அதுக்கு உடைக்கிற லேப் போடுங்க, மறுபடி முதல் வீடியோலேருந்து ஆரம்பிக்கிறது வீண் வேலை.

சிசிஎன்ஏ முடிச்ச உடனே நேரா சிசிஐஇ போகலாமா?

விதிப்படி தடை இல்ல, சிசிஎன்ஏவே கட்டாயம் கிடையாது. எண்டர்ப்ரைஸ் பக்கம்னா 350-401ங்கிற கோர் எக்ஸாம் பாஸ் பண்ணா லேப்புக்கு தேதி எடுக்கலாம், லேப் ஃபீஸ் 1600 டாலர், நமக்குப் பக்கம் பெங்களூருலதான். ஆனா 8 மணி நேர லேப் கேக்குற வேகமும் நிதானமும் நெஜ நெட்வொர்க்ல கொஞ்ச வருஷம் அடிபட்டாத்தான் வரும், வீட்டு லேப்ல மட்டும் வராது. சிசிஎன்ஏ 3 வருஷம் செல்லும், அதுக்குள்ள ஒரு நாக் (நெட்வொர்க்கைக் கண்காணிக்கிற சென்டர்) வேலையோ சப்போர்ட் வேலையோ பிடிச்சு அங்க வர்ற டிக்கெட் ஒவ்வொண்ணையும் ராத்திரி வீட்டு லேப்ல கட்டிப் பாருங்க, கோர் எக்ஸாம் பாஸ் பண்ணா சிசிஎன்ஏவும் தானா புதுப்பிச்சிரும்.